தோண்டத் தடை, வாங்கத் தடையில்லை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கரையோரம் லஸ்பி என்றொரு சிற்றூர். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி, நடுநீரில் ஒரு கப்பல் மேடை தனியாக நிற்கிறது. அதற்குப் போகப் பாலம் கிடையாது. நீருக்கு அடியில் சுரங்கம், சுரங்கத்துக்குள் குழாய்கள். கோவ் பாயின்ட் என்ற இந்த முனையத்தை 1978-ல் திறந்தது, அல்ஜீரியாவிலிருந்து வரும் திரவ எரிவாயுவை இறக்குவதற்காக. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச்சில், அதே மேடையிலிருந்து எரிவாயு எதிர்த்திசையில் கப்பலேறத் தொடங்கியது. பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா பக்கம் பாறையைப் பிளந்து எடுத்த எரிவாயு அது.

அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2017 ஏப்ரலில், மேரிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநில எல்லைக்குள் ‘ஃப்ராக்கிங்’ எனப்படும் நீரியல் விரிசல் முறையில் எரிவாயு எடுக்கவே கூடாது என்றது சட்டம். கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் லாரி ஹோகன். ஆக, தன் மண்ணுக்கு ஆகாது என்று மேரிலாந்து ஒதுக்கிய முறையில் எடுத்த எரிவாயு, அதன் கரை வழியாகவே உலகத்துக்குப் போகிறது. யாருக்குப் போகிறது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. கோவ் பாயின்டின் ஏற்றுமதித் திறனை இரண்டே தரப்புகள் ஆளுக்குப் பாதியாக 20 ஆண்டுகளுக்குப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று ஜப்பானின் சுமிடோமோ. இன்னொன்று இந்திய அரசின் கெயில். ஆண்டுக்கு 23 லட்சம் டன்.

கொங்கு விவசாயிகளுக்குக் கெயில் என்றால் வயலுக்குள் குழாய் பதிக்க வந்த நிறுவனம். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. அதே நிறுவனம் செசபீக் விரிகுடாவிலும் ஒரு பெரிய புள்ளி என்பது இங்கே அதிகம் பேசப்படாத செய்தி.

நீரியல் விரிசல் என்பது காவிரிப் படுகையில் விளக்கம் தேவைப்படாத சொல். தரைக்குக் கீழே ஒன்றிரண்டு கிலோமீட்டர் துளைத்து, துரப்பணத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நீரையும் மணலையும் வேதிப்பொருட்களையும் பேரழுத்தத்தில் பாறைக்குள் செலுத்துவார்கள். பாறை விரிசல் விடும். மணல் அந்த விரிசல் மூடிக்கொள்ளாதபடி முட்டுக்கொடுக்கும். எரிவாயு கசிந்து மேலே வரும். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறையில் இது பலிக்கும் என்று ரேஞ்ச் ரிசோர்சஸ் நிறுவனம் 2004-ல் ஒரு கிணற்றில் கண்டுகொண்டது. அதன் பிறகு அந்த மாநிலத்தின் ஊர்ப்புறமே மாறிப்போனது.

டிமோக் அப்படி மாறிய ஊர்களில் ஒன்று. 2009 புத்தாண்டு நாளில், அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணற்றை மூடியிருந்த கான்கிரீட் பலகை வெடித்துச் சிதறியது. கிணற்றுக்குள் மீத்தேன் சேர்ந்திருந்தது. பாறையைப் பிளந்ததால் நேராக வந்தது என்று சொல்லிவிட முடியாது. எரிவாயுக் கிணறுகளின் கட்டுமானக் கோளாறால் மீத்தேன் நிலத்தடி நீருக்குள் புகுந்தது என்பதே மாநில அரசின் முடிவு. குடிக்கும் நீரில் வாயு வந்தவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம். கிணறு தோண்டிய கேபட் நிறுவனம் பழியை மறுத்தே வந்தது. வீடுகளுக்கு லாரியில் தண்ணீர் வந்தது, முற்றங்களில் பிளாஸ்டிக் தொட்டிகள் நின்றன. ஊரின் ஒரு பகுதியில், சுமார் ஒன்பது சதுர மைலில், துளையிடத் தடை வந்தது. 2022 நவம்பரில்தான் அந்த நிறுவனத்தின் வாரிசான கோட்டெரா, சுற்றுச்சூழல் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடுவதில்லை என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. புதிய குடிநீர்க் குழாய்க்கு 1.6 கோடி டாலருக்கு மேல் தரவும் இசைந்தது. அதே நாட்களில், தடைப் பகுதிக்கு வெளியே நின்று பக்கவாட்டில் துளைத்து அதன் அடியிலிருந்து எரிவாயு எடுக்க அதற்கு வழியும் திறந்தது.

இந்தக் கேபட்தான் கோவ் பாயின்ட் வழியாகச் சுமிடோமோவுக்கு 20 ஆண்டுகள் எரிவாயு தர ஒப்பந்தம் போட்ட நிறுவனம். 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகளை மூடிய ஜப்பானுக்கு எரிவாயு அவசரமாகத் தேவைப்பட்டது. டோக்கியோவில் அடுப்பு எரியவும் ஒசாகாவில் விளக்கு எரியவும் டிமோக் வட்டாரத்தில் கிணறு தோண்ட வேண்டியிருந்தது.

எரிவாயு விவாதத்தில் இந்தப் பக்கம்தான் எப்போதும் விடுபட்டுப்போகிறது. போராட்டம் கிணற்றடியில் நடக்கிறது. சட்டமும் கிணற்றைப் பற்றியே எழுதப்படுகிறது. ஆனால் கிணறு பிறப்பது ஒப்பந்தத் தாளில். பல நூறு கோடி டாலரில் ஒரு முனையம் எழுப்பக் கடன் கொடுக்கும் வங்கிகள், இருபது ஆண்டுகளுக்கு யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்காமல் பணப்பெட்டியைத் திறப்பதில்லை. லூசியானாவின் சபீன் பாஸ் முனையத்துக்கு அப்படி முதலில் கைகொடுத்த வெளிநாட்டு நிறுவனங்கள் நான்கு. 2011 டிசம்பரில் கையெழுத்திட்ட கெயில் அவற்றில் மூன்றாவது. ஆண்டுக்கு 35 லட்சம் டன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் திரவமாக்கும் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. அதன் முதல் கப்பல் 2018 மார்ச் 30 அன்று மகாராஷ்டிரத்தின் தாபோலுக்கு வந்தபோது, மத்திய அமைச்சரே போய் வரவேற்றார்.

ஸ்காட்லாந்தின் கதை இன்னும் வேடிக்கை. 2016 செப்டம்பரில், ஃப்ராக்கிங்கில் கிடைத்த அமெரிக்க ஈத்தேனை ஏற்றிக்கொண்டு இனியோஸ் நிறுவனத்தின் கப்பல் ஃபோர்த் ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. பாறை எரிவாயுவே முன்னேற்றம் என்ற பொருளில் ஒரு முழக்கம் கப்பலின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கும் பெரிய எழுத்தில். வரவேற்க பேக்பைப் இசை. பலத்த காற்றால் கப்பல் குறித்த நேரத்தில் துறை சேர முடியவில்லை. ஸ்காட்லாந்து அமைச்சர்கள் யாரும் விழாவுக்கு வரவில்லை. வர முடியாத சங்கடம். ஏனென்றால், அந்த அரசு 2015 முதலே ஃப்ராக்கிங்கை நிறுத்தி வைத்திருந்தது. பின்னர் மக்கள் கருத்துக் கேட்டபோது 60,000 பேருக்கு மேல் எழுதினார்கள். அவர்களில் 99 சதவீதம் பேர் எதிர்ப்பு. 2017 அக்டோபரில் தடை அறிவிப்பு வந்தது. ஈத்தேன் கப்பல்களோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. கிரேஞ்மவுத் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலையில் நூற்றுக்கணக்கானோர் பிழைப்பு அந்தக் கப்பல்களை நம்பி இருந்தது.

ஃபிரான்ஸ் 2011-லேயே தடை போட்ட நாடு. அதன் எங்கீ நிறுவனம் 2020-ல் டெக்சாஸ் எரிவாயு வேண்டாமென்று ஒரு பேச்சுவார்த்தையை முறித்தது. உக்ரைன் போர் வந்ததும், 2022-ல், அதே விற்பனையாளருடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஜெர்மனியும் தடை போட்ட நாடுதான். அது வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பத்தே மாதத்தில் ஒரு மிதவை முனையம் அமைத்து, 2023 ஜனவரியில் அமெரிக்கக் கப்பலை வரவேற்றது.

இதையெல்லாம் அடுக்கினால் எரிவாயு நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம். “வாங்கி எரிக்கிறீர்கள், தோண்டினால் மட்டும் கசக்கிறதா? உங்கள் ஊரிலேயே தோண்டலாமே” என்பது அவர்களுடைய பழைய வாதம். கேட்பதற்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் ஊரில் தோண்டாதே என்று சொன்னவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் ஒரே ஆளல்ல. நெடுவாசலில் 2017-ல் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தவர்களில் யாரிடமும் லூசியானா எரிவாயு வேண்டுமா என்று எவரும் கேட்டதில்லை. பயன்படுத்துகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை போய்விட்டது என்பதைவிட, பயன்படுத்துகிறவன் என்பதாலேயே உரிமை கூடுகிறது என்பதுதான் நியாயம்.

இந்த இடத்தில் காவிரிப் படுகையும் கணக்குக்குள் வருகிறது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பயணத்திலேயே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது. பாறை எரிவாயு என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை.

அந்தச் சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 2019-ல், எண்ணூரில் கிழக்குக் கடற்கரையின் முதல் திரவ எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து குழாயில் வந்த எரிவாயுவை நம்பி, மணலியின் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் அதே ஆண்டில் தன் பழைய மூலப்பொருளான நாப்தாவைக் கைவிட்டது. யூரியா என்பது பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து பிறக்கும் உரம். சம்பா நடவு முடிந்து மேலுரம் போட விவசாயி கூட்டுறவுக் கடையில் ₹266.50 கொடுத்து வாங்கும் 45 கிலோ மூட்டையில், எந்த நாட்டுக் கிணற்று வாயு எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருக்காது. எழுதவும் முடியாது. கப்பலில் மைனஸ் 162 டிகிரியில் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கி வந்த எரிவாயு, குழாய்க்குள் போனதும் எல்லாவற்றோடும் கலந்துவிடுகிறது.

அதனால் கேள்வியை மூட்டையிடம் கேட்டுப் பயனில்லை, கையெழுத்திடும் இடத்தில் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அதற்கு ஒரு வழி செய்தது. வெளியிலிருந்து எரிவாயு கொண்டுவருகிறவர்கள், அது எடுக்கப்பட்ட இடத்தில் மீத்தேன் கசிவு ஒழுங்காக அளக்கப்படுகிறதா என்று 2027 முதல் காட்ட வேண்டும் என்றது விதி. இதன் கடுமையைக் குறைக்க விற்பவர்கள் ஓயாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதிலிருந்தே, வாங்குகிறவனின் கேள்விக்கு எவ்வளவு வலு என்று தெரிகிறது. கெயில் மத்திய அரசுக்குப் பெரும்பங்கு உள்ள நிறுவனம். அது போட்ட இரண்டு அமெரிக்க ஒப்பந்தங்களும் 2038 வரை ஓடுகின்றன. கச்சா எண்ணெய் விலை சரிந்த காலத்தில் விலை கட்டுப்படியாகாமல், தன் பங்கில் ஒரு பகுதியைக் கெயில் மற்றவர்களிடம் தள்ளிவிட்டது. அப்போது நாட்டில் எழுந்த விமர்சனம் நட்டம் பற்றியது. டிமோக் பற்றி இல்லை.

2025 நவம்பரில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து, 2026-ம் ஆண்டுக்கு அமெரிக்காவிலிருந்து 22 லட்சம் டன் சமையல் எரிவாயு வாங்க ஒப்புக்கொண்டன. நாட்டின் ஆண்டு எல்பிஜி இறக்குமதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் எல்பிஜியில் பெரும்பகுதி பாறை எரிவாயுவோடு சேர்ந்து மேலே வருவதுதான். செய்தி வந்த நாட்களில் பேச்சு ட்ரம்பின் வரியையும் சிலிண்டர் விலையையும் சுற்றியே ஓடியது. இருபது ஆண்டு ஒப்பந்தமல்ல இது, ஓராண்டுதான். அடுத்த முறை கையெழுத்திடும்முன் கசிவுக் கணக்கைக் கேட்க வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்பதற்கு, காலண்டரில் தேதி குறித்து வைத்துக்கொள்ளலாம்.