பாட்டிலில் வந்த பாம்புக் குட்டி

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு வயலுக்கும் ஏரிக்கரைக்கும் ஓடிவிடுகிறான். வண்டு, வெட்டுக்கிளி, ஓணான் என்று எதையாவது டப்பாவில் கொண்டுவந்து, அதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுவான். போன மாதம் ஒரு பாம்புக் குட்டியையே பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டான். அவன் அப்பா அடித்ததோடு நிற்காமல் நோட்டையும் அடுப்பில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பையன் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி, சேலையூர் அருகே

பதில்: சேலையூரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்திருப்பது பொருத்தம்தான். இன்றைக்குக் கிண்டியில் சிறுவர் பூங்காவை ஒட்டி இருக்கும் பாம்புப் பண்ணையை எல்லோருக்கும் தெரியும். அது முதலில் தொடங்கிய இடம் சேலையூர் என்பது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1960-களின் கடைசியில் சேலையூர் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். அங்கேதான் ரோமுலஸ் விட்டேக்கர் தன் பாம்புகளோடு வந்து இறங்கினார். 1972-இல்தான் பண்ணை கிண்டிக்குப் போனது.

இந்த விட்டேக்கரும் ஒரு காலத்தில் பூச்சியையும் பாம்பையும் டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பையன்தான். 1943-இல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். தாய் அலறவில்லை, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றாராம். எட்டு வயதில் தாயோடு இந்தியா வந்து, கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தார். அங்கே கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பை வளர்த்தார். பிறகு அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு, மயாமி நகரில் இருந்த ஒரு பாம்புப் பண்ணையில் வேலை கற்றுக்கொண்டார். 1967-இல் இந்தியா திரும்பினார். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

அவருக்கு இங்கே பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். மண்ணில் இருக்கும் தடத்தை வைத்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் அறிவு அவர்களுடையது. அப்போது தோலுக்காகப் பாம்பு பிடித்துதான் பல குடும்பங்கள் பிழைத்தன. வன உயிரினச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து அந்தத் தொழில் நின்றபோது, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிபட்டவர்களுக்குப் போடும் மருந்து தயாராகிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள் அல்லர். 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேட இந்த இருவரையும் அழைத்தார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கு வெளியே கற்பதும் படிப்புதான் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டுப் பையன் கையில் மறுபடி பாட்டிலைக் கொடுத்துவிடக் கூடாது. அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் கிராமத்தார், நான்கில் ஒருவருக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். குட்டிப் பாம்புக்கு விஷம் இருக்காது என்பது தவறு. கண்ணாடி விரியன் குட்டி போடும் பாம்பு. பிறந்த குட்டிக்கே பல்லும் விஷமும் உண்டு. அதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாம்பைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் சட்டப்படியும் குற்றம். விட்டேக்கர் சிறுவனாக இருந்தபோது அந்தச் சட்டம் கிடையாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும்.

அதனால் பாம்பு விஷயத்தில் பையனுக்கு ஒரே கட்டுப்பாடு: கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்தில் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளட்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும்; வலியே தெரியாமல் போகலாம், விடியற்காலையில் வயிற்று வலி வரும், இமை தானாக மூடும். கடிபட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிள்ளை இருப்பது அந்த வீட்டுக்கே பாதுகாப்பு. சாரைப்பாம்பு வரப்பில் எலி தின்பதைப் பார்த்து வைத்திருக்கும் பிள்ளை அதை அடிக்கவும் விடமாட்டான்.

பூச்சி விஷயம் வேறு. அதில் பையனைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை. அப்பாவுக்கே அது உதவும். நெல் வயல் ஓரத்தில் அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மேலே ஒரு பேட்டரி விளக்கைத் தொங்கவிட்டால் விளக்குப் பொறி தயார். மின் கம்பி இழுக்க வேண்டாம், ஈரத்தில் ஆபத்து. இருட்டியதும் இரண்டு மணி நேரம் எரிந்தால் போதும். விடிய விடிய எரிந்தால் நல்ல பூச்சிகளும் விழும். தண்டுத் துளைப்பானின் பெண் அந்துப்பூச்சி மஞ்சளாக இருக்கும், முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. தினமும் எத்தனை விழுந்தது என்று பையன் எழுதி வரட்டும். எண்ணிக்கை ஏறும்போது இலை நுனிகளைத் தேடினால் பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியல் தென்படும். சதுர மீட்டருக்கு 2 குவியல் வரைக்கும் வந்துவிட்டால் கவனிக்க வேண்டிய நேரம்.

அங்கேயும் அவசரப்பட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சில குவியல்களை இலையோடு கிள்ளி, வாயில் மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குப்பியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துப் பார்க்கலாம். புழு வந்தால் பூச்சியின் பக்கம் வெற்றி. கடுகைவிடச் சின்னக் குளவிகள் வந்தால் அவை முட்டைக்குள்ளேயே புழுவை முடித்துவிட்டன என்று அர்த்தம். எத்தனை குவியலில் குளவி, எத்தனையில் புழு என்று கணக்குப் போட்டால் மருந்து தேவையா என்பதை அப்பாவுக்கு மகன் சொல்லலாம். பல விவசாயிகள் தெரிந்துகொள்ளாமலே தெளித்துவிடும் விஷயம் இது.

மழை அளப்பதும் எளிது. மேலும் கீழும் ஒரே அகலமான டப்பாவை வெட்டவெளியில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டு மில்லிமீட்டரில் அளந்தால் போதும். 10 மி.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் பையனையே போடச் சொல்லலாம்.

இப்படிச் சேர்ந்த குறிப்புகளுக்கு வெளியிலும் இடம் உண்டு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து தமிழிலேயே சொல்லலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரிடம் விசாரிக்கலாம். அவர்கள் நடத்தும் ‘துளிர்’ மாத இதழும் இந்த வயதுக்கு ஏற்றது. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி மூலம் யோசனை அனுப்பித் தேர்வானால் மாணவர் கணக்கில் 10,000 ரூபாய் வரும். தலைமை ஆசிரியரைக் கேட்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எரிந்த நோட்டுக்குப் பதிலாக நல்ல கெட்டி அட்டை நோட்டு ஒன்றை வாங்க வேண்டும். அதை அம்மா கொடுப்பதைவிட அப்பா கொடுத்தால் நல்லது. கொடுக்கும்போது அன்றைக்கு வயலில் தான் பார்த்த ஏதாவது ஒரு பூச்சியைக் காட்டி, இது என்னடா என்று கேட்கலாம்.