படகுக்கு எதுக்குங்க பெயிண்ட்?

புழல் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று ஏரி, இன்னொன்று ஜெயில். கடலுக்கும் புழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மழைக்காலத்தில் பேப்பரைப் பார்க்கலாம். ஏரி நிரம்பித் திறந்துவிடும் உபரி நீர் கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மணலி, சடையான்குப்பம் என்று போய்க் கடைசியில் எண்ணூரில்தான் கடலைத் தொடுகிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சின்னப் படகுகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதிலும் அவற்றின் அழகைப் பற்றி!

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் நிறைய. வாரத்தில் ஒருநாள் ஓட்டுவார்கள், மீதி ஆறு நாளும் துடைப்பார்கள். புதுப் பாய், புதுக் கயிறு, மெருகேற்றிய மரம் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-ல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஆனால் லேசர் மாதிரியான பந்தயப் படகுகளில் ஆசைப்பட்டபடி எதையும் மாற்ற முடியாது. எல்லாப் படகும் ஒரே அச்சு, திறமை மட்டும்தான் வேறுபடவேண்டும் என்பது விதி. அலங்காரம் பண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது சரிப்பட்டு வராது :-)

சரி, ராயபுரத்துக்கு வருவோம்.

காசிமேட்டில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூக்குப் பகுதியில் ஒரு கலர், ஓரத்தில் பட்டையாக இன்னொரு கலர், அந்தோணியாரோ கங்கையம்மனோ ஒரு பக்கம், பிள்ளைகளின் பெயர் மறுபக்கம். ஜி.என்.டி. ரோட்டில் போகிற லாரிகளுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாதிரி இங்கேயும் திருஷ்டி கழிக்க ஏதாவது ஒன்று தொங்கும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பதிவு எண்ணைப் பளிச்சென்று எழுதவேண்டும், மாநிலத்துக்கென்று குறித்த வண்ணத்தை அடிக்கவேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்தன. அதற்குள்ளும் மீதி இருக்கிற இடத்தில் ஆள் தன் ரசனையைக் காட்டிவிடுகிறார்.

"கடன் வாங்கித் தொழில் பண்றவங்களுக்கு இந்த ஷோ எல்லாம் தேவையா?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்பவர் பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார், அது வேறு விஷயம்.

இந்தப் பெயிண்ட் கலாச்சாரமே ரொம்பப் பழசில்லை. கட்டுமரத்துக்கு யாரும் பெயிண்ட் அடித்து அழகு பார்த்ததில்லை. அடிக்கவும் முடியாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். (இங்கிலீஷ்காரர்கள் அந்தப் பெயரைக் கடன் வாங்கி, இரண்டு உடல் உள்ள படகுக்கெல்லாம் வைத்துக்கொண்டார்கள். அசல் கட்டுமரத்துக்கு உடல் இரண்டு கிடையாது!) ஃபைபர் வந்த பிறகுதான் எழுதவும் வரையவும் ஒரு வழுவழுப்பான சுவர் கிடைத்தது.

ஃபைபரை நம்மூரில் பெரிய அளவில் கரைக்குக் கொண்டுவந்தது 2004 டிசம்பர் 26. சுனாமியில் மரங்கள் போயின, நிவாரணமாகப் படகுகள் வந்தன. ஏகப்பட்ட படகுகள். பல இடங்களில் தேவைக்கு மேலேயே வந்தன, தரம் சரியில்லாதவையும் அதில் உண்டு. பல படகுகளின் பக்கவாட்டில் கொடுத்த அமைப்பின் பெயரும் முத்திரையும் பெரிதாக இருந்தன. உதவி செய்தவர்களைக் குறை சொல்லவில்லை, கணக்குக் காட்ட அவர்களுக்கும் போட்டோ வேண்டும். ஆனால் ஒருவர் தன் உயிரை நம்பி ஏறும் படகில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் விலாசம் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? பெற்ற பிள்ளைக்கு ஆஸ்பத்திரியின் பெயரை வைத்த மாதிரி. அந்த எழுத்தின் மேல் ஒரு கோட் பெயிண்ட் அடித்துத் தன் மகள் பெயரை எழுதும் நாளில்தான் அந்தப் படகு அவருடையதாகிறது. அதை வெட்டிச் செலவு என்பது கொஞ்சம் அவசரமான தீர்ப்பு.

பி.காம். முதல் வருஷப் புத்தகத்தில் இது வரும். எஞ்சின் வாங்கினால் முதலினச் செலவு, பெயிண்ட் அடித்தால் வருவாயினச் செலவு. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதே புத்தகத்திலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. பழைய இயந்திரத்தை வாங்கி, ஓட்டுவதற்கு முன் பழுது பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அது முதலினச் செலவு! ஆகப் பெயிண்ட் என்பது எப்போதும் வெறும் பெயிண்ட் இல்லை என்று கணக்குப் பதிவியலுக்கே தெரிந்திருக்கிறது.

மீனவர்களின் கணக்கு இன்னும் சுவாரசியம். பிடித்த மீனை விற்று, எண்ணெய்ச் செலவைக் கழித்து, மீதியைப் பங்கு போடுவார்கள். போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு, அதோடு படகுக்கும் வலைக்கும் பங்கு. அதாவது படகும் கூட வேலைக்கு வந்த ஒரு ஆள். அந்த ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை புதுத்துணி எடுத்துக்கொடுப்பதில் என்ன தப்பு?

வெறும் சென்டிமென்ட் என்று நினைக்க வேண்டாம். ஃபைபரின் மேல் தோல் வெயிலில் வெளுத்துப் பொடி உதிர ஆரம்பிக்கும். மணலிலும் கல்லிலும் இழுபட்டுக் கீறல் விழும். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுக்குகள் பிரியும். பெயிண்ட் அடிக்க உட்காருகிற மனிதர்தான் விரலால் தடவிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கிறார், மேட்டும் ரெசினும் வைத்து அடைக்கிறார். அழகு பார்க்கிற கண்ணும் பழுது பார்க்கிற கண்ணும் ஒன்றுதான். பளபளவென்று இருக்கிற படகுக்கு ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள், கடன் கொடுப்பவரும் ஒரு தடவை யோசித்துவிட்டுக் கொடுப்பார். புத்தக பாஷையில் சொன்னால் நற்பெயர்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பக்கத்துப் படகில் பெரிய எஞ்சின் மாட்டியிருக்கிறார்கள் என்பதற்காக இவரும் மாட்டுவது, ஜி.பி.எஸ். இருக்கும்போதே இன்னொரு மாடல் வாங்குவது... கரையோரத்தில் மீன் குறைந்துகொண்டே வரும்போது குதிரைத்திறனை ஏற்றிக்கொண்டே போவது கடனைத்தான் ஏற்றும். பெயிண்டைக் கேலி செய்கிறவர்கள் கேலியை அந்தப் பக்கம் திருப்பலாம்.

இப்போது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை. மணலி சிபிசிஎல் வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் அது வந்து சேர்ந்தது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கமெல்லாம் கறுப்புப் பிசின். படகுகளில் இடுப்பளவுக்குத் தார் பூசிய மாதிரி ஒரு கோடு. மாதாவும் தெரியவில்லை, மகள் பெயரும் தெரியவில்லை. அதே படகுகளில் அதே ஆட்கள் ஏறி, பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள்.

பிறகு தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதிகம் பாதித்த 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யப் படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய். அறிவித்தவரை நல்லதுதான். ஆனால் எல்லாப் படகுக்கும் ஒரே தொகை! நேற்று பெயிண்ட் அடித்ததும் ஒன்றுதான், பத்து வருஷமாக அடிக்காததும் ஒன்றுதான். பிசினைச் சுரண்டி எடுத்தால் கூடவே பழைய பெயிண்டும் வரும், மேல் தோலும் கொஞ்சம் வரும். அப்புறம் பட்டி பார்த்து, தேய்த்து, முதலிலிருந்து அடிக்கவேண்டும். ஓவியம் வரைந்தவரைத் திரும்பக் கூப்பிடவேண்டும். அத்தனை நாளும் படகு கரையில், பங்கும் கிடையாது. இதில் எதுவும் அந்தத் தொகைக்குள் தனியாக எண்ணப்படவில்லை.

கார் லேசாக உரசினாலே இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரை அனுப்பி, டென்ட் தனி, பெயிண்ட் தனி என்று பட்டியல் போடுகிறது. படகுக்கு மட்டும் ஏன் மொத்தமாக ஒரு நம்பர்? அடுத்த முறை கணக்கெடுக்க வருவாய்த்துறை, மீன்வளத்துறை அதிகாரிகள் குப்பத்துக்கு வரும்போது, காசிமேட்டிலிருந்து ஒரு ஃபைபர் வேலைக்காரரையும் ஒரு பெயிண்டரையும் ஜீப்பில் கூட ஏற்றிக்கொண்டு வரலாம். ஒவ்வொரு படகையும் தடவிப் பார்த்து என்ன போயிருக்கிறது, திரும்பச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று அவர்களால் அங்கேயே சொல்லிவிட முடியும்.