பழைய கணினியில் வங்கிச் சேவை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் புதிய பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைபடா. கணினி என்னவோ வழக்கம்போல் ஓடும். ஏடிஎம் இயந்திரங்களும் இப்படித்தான் ஓடின. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-இல் நின்றபின்னும் பல இயந்திரங்களில் அதுவே இருந்தது. 2019 ஜூன் மாதத்திற்குள் அனைத்தையும் மாற்றுமாறு 2018-இல் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. வங்கிகளுக்கு விதித்த அந்த ஒழுங்கு வாடிக்கையாளரின் மேசைக்கும் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

டிபிஎம் 2.0 வசதியற்ற கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. நன்கு உழைக்கும் பொருளைக் கழித்துக்கட்டச் சொல்வது எமக்கும் உவப்பன்று. கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம்; இணைய வங்கிச் சேவைக்குப் புதுப்பித்த உலாவி ஒன்று போதும். அதுவரை வங்கிக் கணக்கை வேறு கருவியில் திறப்பதே நன்று.