தாயைப் பழிக்கலாமா?

கருத்தரித்த நான்காம் வாரத்தில் சிசுவின் உடலில் நான்கு சிறு மொட்டுகள் அரும்புகின்றன. எட்டாம் வாரத்திற்குள் அவை விரல்களோடு கூடிய கைகால்களாக உருப்பெறுகின்றன. இதனை நெறிப்படுத்துபவை மரபணுக்களே.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார் குமட்டல் தணிய உட்கொண்டனர். கைகால் குறுகிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-இல் அங்கு அம்மருந்து நிறுத்தப்பட்டது. 2018-இல் ஒரு முக்கியக் காரணம் புலனாயிற்று: சால்4 என்னும் மரபணு உருவாக்கும் புரதத்தை அது அழியச் செய்கிறது. அம்மரபணுவே பழுதுற்றிருப்பின், மருந்தின்றியும் கைகள் குறைபடுவதுண்டு.

ஆதலின், ‘யார் செய்த பாவமோ’ என்று வினவுவதை விடுவோம். கருவுற்ற மகளுக்கு மருத்துவரைக் கேளாது மாத்திரை கொடோம். குறையுள்ள குழந்தையை ஈன்றவளைப் பழியோம்.