யாங் வென்-லீ ஏன் சுடவில்லை?

எதிரிப் படைத்தலைவனின் கப்பல் பீரங்கிக்கு நேரே நிற்கிறது. சுட்டால் போர் முடிந்துவிடும். அந்த நேரத்தில் தலைநகரிலிருந்து ஒரு செய்தி வருகிறது: அரசு சரணடைந்துவிட்டது, சண்டையை உடனே நிறுத்து. தளபதி என்ன செய்ய வேண்டும்?

நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. சுட்டிருக்க வேண்டும் என்பது என் பேரனின் கட்சி. இரண்டு மாதமாக வீட்டில் இதுதான் பேச்சு. மருமகள் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இது பூமியில் நடந்த போர் அல்ல, நண்பர்களே. யோஷிகி தனாகா என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1982 முதல் 1987 வரை பத்துப் பாகமாக எழுதிய ஒரு நாவலில் வருவது. ‘விண்மீன் மண்டல வீரர்களின் காவியம்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அதை வைத்து 1988 முதல் 1997 வரை 110 பகுதிகள் கொண்ட அனிமே தொடர் வந்தது. பொம்மைப் படம்தானே என்று நினைக்க வேண்டாம். இதில் வரும் பெரியவர்கள் மந்திரிசபையில் வாதாடுகிறார்கள், உணவுக் கணக்குப் போடுகிறார்கள், பென்ஷனைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். தொடருக்கு முன்னோட்டமாக வந்த திரைப்படத்தில் ஒரு பெரிய கப்பல் சண்டை முழுவதற்கும் ராவேல் இசையமைத்த ‘பொலேரோ’ பின்னால் ஓடுகிறது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதைக் கேட்டதும் நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

கதை இதுதான். வானத்தில் இரண்டு நாடுகள். ஒன்று சாம்ராஜ்யம். அதன் படையை நடத்துகிறவன் ராய்ன்ஹார்ட் என்ற இளைஞன், மகா திறமைசாலி, நாளைக்கு முடிசூடப் போகிறவன். மற்றொன்று சுதந்திரக் கோள்களின் கூட்டணி. அங்கே தேர்தல் உண்டு, மந்திரிகள் உண்டு, ஊழலும் உண்டு. அதன் தளபதி யாங் வென்-லீ. சரித்திரம் படிக்க ஆசைப்பட்டவன். அப்பா பணம் வைக்காமல் செத்துப்போனதால், இலவசமாகப் படிக்கலாமே என்று ராணுவக் கல்லூரியில் சேர்ந்தவன். எப்போது ஓய்வு கிடைக்கும், பென்ஷன் வாங்கிக்கொண்டு எப்போது வீட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுதலாம் என்று ஏங்குகிறவன். நம் ஆள் என்று சொல்லலாம்!

வெர்மில்லியன் என்ற இடத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். யாங் எதிரியை வளைத்துவிடுகிறான். ஆனால் அதே சமயம், ராய்ன்ஹார்டின் தளபதிகள் மிட்டர்மேயரும் ராய்யன்தாலும் கூட்டணியின் தலைநகருக்கு மேலே கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஹில்டா என்ற பெண் சொன்ன யோசனை அது. ஆட்சித் தலைவர் ட்ரூனிக்ட் தன் உயிருக்குப் பயந்து சரணடைகிறார். போர்நிறுத்த உத்தரவு யாங்குக்கு வருகிறது. கூட இருக்கும் ஷோன்காப் என்ற அதிகாரி, அதைக் கண்டுகொள்ளாமல் சுடச் சொல்கிறான். யாங் நிறுத்திவிடுகிறான்.

“தாத்தா, அந்த ட்ரூனிக்ட் ஒரு ஃபிராடு. அவன் சொன்னா கேக்கணுமா? ஒரே ஒரு தடவை சுட்டிருந்தா, பின்னாடி நடந்த சண்டையில செத்தவங்க எல்லாம் பொழச்சிருப்பாங்க” என்கிறான் பேரன்.

முதலில் யுத்த தந்திரமாகவே இதற்குப் பதில் சொல்லலாம். ராய்ன்ஹார்ட் செத்தால் மிட்டர்மேயரும் ராய்யன்தாலும் செத்துவிடப் போவதில்லை. இருவரும் தலைநகருக்கு மேலேதான் நிற்கிறார்கள். தலைவனை இழந்த ஆத்திரத்தில் அவர்கள் கீழே இருக்கும் ஜனங்களை என்ன செய்வார்கள்? கையைப் பிடித்து நிறுத்த யார் இருப்பார்கள்? சமாதானம் பேசக்கூட எதிர்த்தரப்பில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் சுடச் சொல்கிறான் பேரன்.

ஆனால் என் காரணம் இதைவிடப் பழையது. அதற்குக் கதையில் மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

ஐசர்லோன் என்ற அசைக்க முடியாத கோட்டையை யாங் ஒரு தந்திரத்தால் பிடிக்கிறான், தன் பக்கம் ஓர் உயிர்கூடப் போகாமல். இனிமேலாவது சமாதானம் வரும் என்று நம்புகிறான். நடந்தது நேர்மாறு. ஃபோர்க் என்ற இளம் அதிகாரி, சாம்ராஜ்யத்துக்குள் படையெடுக்க ஒரு திட்டம் போட்டு, முறையான வழியில் அனுப்பாமல், நேரே ஆட்சித் தலைமையின் மேசையில் சேர்த்துவிடுகிறான். தேர்தல் நெருங்குகிறது, அரசுக்குச் செல்வாக்கு இல்லை, ஒரு வெற்றி தேவை. மந்திரிகளில் மூன்று பேர் மட்டும் எதிர்க்கிறார்கள். திட்டம் நிறைவேறுகிறது. மேலதிகாரியைத் தாண்டிப் போகும் பைல் என்ன கதிக்கு ஆளாகும் என்று எங்கள் ஆபீசில் டீ கொண்டு வரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

எட்டுக் கடற்படைகள், மூன்று கோடி வீரர்கள். விண்வெளியில் ஓடினாலும் கடற்படை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ராய்ன்ஹார்ட் சண்டையே போடவில்லை. எல்லைக் கோள்களிலிருந்த தானியத்தையெல்லாம் வாரிக்கொண்டு பின்வாங்கினான். விடுதலை தர வந்தோம் என்று சொன்னவர்கள் பசித்த ஜனங்களுக்குச் சோறு போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கோளைப் பிடிக்கும்போதும் சோற்றுக் கணக்கு ஏறியது. அந்தக் கணக்கைப் பார்க்கும் அதிகாரி காசெல்ன்தான் இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தவர். பெயரைக் கேட்டதும் படைவீடு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் நினைவுக்கு வந்தது. சண்டை போடாமல் பேனாவும் கையுமாக இருக்கும் அவருக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் தோல்வி தெரிகிறது. உணவு ஏற்றி வந்த கப்பல்களை எதிரி அழித்தான். பிறகு அம்லிட்சரில் எல்லாம் முடிந்தது. மூன்று கோடியில் சுமார் இரண்டு கோடிப் பேர் வீடு திரும்பவில்லை.

இதற்கு முன்மாதிரி எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இருந்தது. 1812இல் நெப்போலியன் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு ரஷ்யாவுக்குள் போனான். ரஷ்யர்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். செப்டம்பர் 14ஆம் தேதி மாஸ்கோவில் நுழைந்தான், ஊர் எரிந்தது, சாப்பாடு இல்லை. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

அம்லிட்சர் விவகாரத்தில் ஒரு காட்சி. ப்யூகோக் என்ற எழுபது வயதுத் தளபதி, ஏறத்தாழ என் வயசு, பட்டினி கிடக்கும் படையைத் திரும்ப அழைக்கச் சொல்லித் தலைமைத் தளபதி லோபோஸோடு பேசக் கேட்கிறார். ஐயா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார், எதிரி தாக்கினால் ஒழிய எழுப்பக் கூடாது என்று உத்தரவு என்கிறார்கள். இந்த இடத்தில் நான் சிரித்ததைப் பார்த்துப் பேரன் பயந்துவிட்டான். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் இந்தப் பதிலை எத்தனை கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்!

“பாத்தீங்களா தாத்தா, இவனுங்க பேச்சைத்தான் யாங் கேக்கணுமாம்” என்றான் அவன். நியாயமான கேள்வி. இவ்வளவு மட்டமான அரசுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்?

நெப்போலியனிடமே திரும்ப வருகிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் அவன் வென்ற சண்டைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. 1799 நவம்பருக்குச் சில வரிகள்தான். அந்த மாதம் அவன் சிப்பாய்களை செயிண்ட் க்ளூவில் கூடியிருந்த மக்கள் சபைக்குள் அனுப்பி, உறுப்பினர்களை வெளியே துரத்தினான். அந்த அரசும் மட்டமானதுதான். லஞ்சம், கோஷ்டிச் சண்டை எல்லாம் இருந்தது. பல பேர் கை தட்டினார்கள். ஐந்தே வருடத்தில் அவன் சக்கரவர்த்தி. தனாகாவின் கதையிலும் சாம்ராஜ்யம் அப்படித்தான் பிறக்கிறது. ராணுவத்திலிருந்து அரசியலுக்கு வந்து, சீர்திருத்துகிறேன் என்று சொல்லி, ஜனங்களின் ஓட்டு வாங்கி, கடைசியில் முடிசூடிக்கொண்ட ருடால்ஃபின் வம்சம் அது. சரித்திரம் படித்த யாங்குக்கு இது தெரியாதா? அரசின் உத்தரவை மீறி வெற்றி தேடித் தந்த தளபதியை மறுநாள் யார் அடக்குவார்கள்?

1961 ஏப்ரலில் அல்ஜீரியாவில் ஷால், சலான், ஜூஓ, ஸெல்லேர் என்ற நான்கு பிரெஞ்சு ஜெனரல்கள் அரசை எதிர்த்து எழுந்தார்கள். களத்தில் நாம் ஜெயிக்கிறோம், பாரீஸில் இருப்பவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் வாதம். ஷோன்காப் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தெ கோல் 23ஆம் தேதி சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். கட்டாய ராணுவ சேவையில் இருந்த சாதாரணச் சிப்பாய்கள் டிரான்சிஸ்டரில் அதைக் கேட்டு, ஜெனரல்களின் பேச்சைக் கேட்க மறுத்தார்கள். சில நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. புதுவையில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சொல்தா தாத்தா, பென்ஷன் வாங்கிய நாட்களில் இதைச் சொல்லுவார்.

இங்கேதான் பேரன் என்னை மடக்கினான். இன்டர்நெட்டில் தேடிவிட்டு வந்து கேட்டான்: “அதே தெ கோல் 1940ல என்ன பண்ணாரு? கவர்ன்மென்ட் சண்டைய நிறுத்தினப்ப இவரு லண்டன்ல ரேடியோல பேசலியா?”

உண்மைதான். ஜூன் 17 பெத்தேன் போரை நிறுத்தச் சொன்னார். 18ஆம் தேதி தெ கோல் லண்டனிலிருந்து அதை மறுத்துக் குரல் கொடுத்தார். ஆகஸ்டில் அவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள். நம் புதுவை ஆளுநர் போன்வேன் அந்த வருஷமே தெ கோல் பக்கம் சேர்ந்தார். அதைப் பெருமையாகச் சொல்லும் ஊரில் பிறந்த நான் கீழ்ப்படிதல் பற்றிப் பேசலாமா?

பேசலாம். லண்டனுக்குப் போன தெ கோலிடம் பீரங்கி இல்லை, படை இல்லை. பதவியும் போய்விட்டது. விருப்பமுள்ளவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார். போனது அவருடைய சொந்தத் தலை. அல்ஜியர்ஸ் ஜெனரல்களோ அரசு கொடுத்த படையை வைத்துக்கொண்டே அரசை மீறினார்கள். யாங்கும் பின்னால் தெ கோல் செய்ததைத்தான் செய்கிறான். ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவனை அவன் அரசே பயத்தில் கைது செய்து கொல்லப் பார்க்கிறது. அப்போது தன்னோடு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறான். முட்டாள்தனமான உத்தரவு வேறு, சட்டவிரோதமான உத்தரவு வேறு. முதலாவதற்கு ஆட்சேபத்தை எழுதி வைத்துவிட்டுக் கீழ்ப்படிய வேண்டும், முடியாவிட்டால் விலக வேண்டும். இரண்டாவதற்குக் கீழ்ப்படியவே கூடாது.

யாங்கின் மீதும் எனக்கு ஒரு புகார் உண்டு. சரணடைவதற்கு முன் மெர்காட்ஸ் என்ற தளபதியிடம் அறுபது கப்பல்களைக் கொடுத்துத் தப்ப வைத்து, அவை சண்டையில் அழிந்ததாகக் கணக்குக் காட்டுகிறான். உத்தரவை மதித்த கையே பதிவேட்டில் பொய் எழுதுகிறது. பேரன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அதைச் சொன்னதும் அவனிடம் ஒரு பழைய விஷயத்தையும் சொன்னேன். ஒரு புயலுக்குப் பிறகு நிவாரண அரிசி இருந்த கிடங்கின் சாவி என்னிடம் இருந்தது. பட்டியல் கையெழுத்தாகி வரும்வரை ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஜனங்கள் வாசலில் நின்றார்கள். ஒரு கிழவி அலுமினியத் தூக்கோடு இரண்டு நாளும் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை எழுத்து மூலம் நிலைமையைத் தெரிவித்தேன், மணி குறித்து. மூன்றாம் நாள் காலையில் பட்டியல் வந்தது, திறந்தேன்.

“பசிச்ச பாட்டிக்கு உங்க நோட்டைக் குடுத்தீங்களா தாத்தா?” என்றான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அந்தக் கிழவிக்குச் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அன்று நான் இரக்கப்பட்டுத் திறந்திருந்தால், அடுத்த முறை சாவி வைத்திருப்பவன் தன் சாதிக்காரனுக்குத் திறப்பான், அதற்கடுத்தவன் வியாபாரிக்குத் திறப்பான். பூட்டு என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். அந்த உத்தரவு போட்டவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் சாவி என்னுடையது அல்ல. உத்தரவு பொறுக்கவில்லையென்றால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, ஜனங்களோடு நின்று சத்தம் போடலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே என் இஷ்டத்துக்குத் திறக்கக் கூடாது.

யாங் சுடாததால் பின்னால் பலர் செத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கு அரசுப் பொறுப்பில் இருந்தவர்களின் தலையில், தேர்தலுக்காகப் படை அனுப்பியவர்கள் தலையில், அவர்களுக்கு ஓட்டுப் போட்ட ஜனங்களின் தலையிலும் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தளபதி சுட்டுச் சரிசெய்வான் என்று காத்திருக்கிற நாட்டுக்கு ஜனநாயகம் எதற்கு?

பேரன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வயசு பத்தொன்பது. அடுத்த தேர்தலில் முதல் ஓட்டுப் போடப் போகிறான். யாங்கைப் பற்றி அவன் என்ன நினைத்தாலும் சரி, ட்ரூனிக்ட் மாதிரி ஆளைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும் எனக்கு.