வேட்டை ஓய்ந்தபின் வேட்டைநாய்

நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. துரத்தும் நாயும் அதற்கு அஞ்சி ஓடும் முயலும் இளமையில் ஒரு பெயர் பெறுவதை நம் மாணவர் மரபுப்பெயர்ப் பட்டியலாக மனனஞ் செய்து கடந்துவிடுகின்றனர். சற்றே நின்று எண்ணினால் ஈண்டு ஒரு வினா எழும். நாய் இயல்பிலேயே வேட்டை விலங்கு என்பது மெய்யே. ஆயினும், முயலொன்றையே குறியாகக் கொண்டு காற்றெனக் கடுகி ஓடுமாறு அதன் காலையும் இடையையும் மார்பையும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வடித்தவன் மனிதன். அவ்வாறு வடித்தவன், வேட்டை ஓய்ந்த இந்நாளில், அந்நாய்க்குச் செய்யக் கடவது யாது?

தமிழகத்தின் தென்பாண்டிக் கரிசல் நிலத்திலே கன்னி, சிப்பிப்பாறை என்னும் ஓட்டநாய்கள் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகின்றன. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊரொன்றின் பெயர். கருமேனியும் முகத்திலும் கால்களிலும் செம்மஞ்சள் நிறமும் வாய்ந்த கன்னி, மணமகளோடு சீதனமாக அனுப்பப்பட்டமையால் அப்பெயர் பெற்றது என்று அந்நாட்டார் கூறுவர். அரபு நாட்டுச் சலூகி, ஐரோப்பாவின் கிரேஹவுண்ட், இங்கிலாந்தின் விப்பெட் ஆகியனவும் இவற்றையொத்த அமைப்புடையனவே. இவையாவும் மோப்பத்தினும் கண்ணையே நம்பி வேட்டையாடுவன. தொலைவில் ஒன்று அசைந்த மாத்திரத்தே பாய்வன. பாய்ந்தபின் அழைப்புக்குச் செவி சாயாதன.

இவற்றின் உடலைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒவ்வோர் உறுப்பும் ஓட்டத்தின் பொருட்டே அமைந்தமை புலனாகும். ஆழ்ந்த மார்பு, பெரிய இதயம், ஒட்டிய வயிறு, வில்லென வளைந்த முதுகு, நீண்ட கால் ஆகிய இவையே அவற்றின் செல்வம். முழுவேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழும். ஒருமுறை உடல் நீளும், மறுமுறை சுருங்கும். தோளளவில் அரை மீற்றர் உயரமே உள்ள விப்பெட் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவல்லது.

இத்தகைய நாய்க்கு இட்ட தொழில் இன்று இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004இல் இயற்றப்பட்ட சட்டம் நாயை ஏவி முயலைத் துரத்தும் போட்டிகளைத் தடுத்தது. இச்சட்டங்கள் வேண்டற்பாலன என்பதே என் கருத்து. முயலும் ஒரு குருளையாய்ப் பிறந்ததன்றோ?

ஆயினும், வேட்டை நின்றபின் இருவகைப் பிழையான எண்ணங்கள் தலைதூக்கியுள்ளன. வேட்டையை மீட்டாலன்றி இவ்வினங்கள் அழியும் என்பார் ஒரு சாரார். மற்றொரு சாரார் நாயின் பெயரையே அணிகலனாகக் கொள்வோர். இந்திய அஞ்சல் துறை 2005இல் இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2020இல் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தனியினங்களாக முறைப்படி பதிவு பெற்றன. இவை மகிழ்தற்குரியன. ஆனால் புகழ் பரந்ததும், ஓடுவதற்கு ஒரு முழ நிலமும் இல்லாத வீட்டு வாயில்களிலும் அந்நாய்கள் கட்டப்படலாயின. புகழே நாயின் கழுத்திற் சங்கிலியாயிற்று.

முதற் சாராருக்கு விப்பெட்டின் வரலாறே விடை. 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் சிறு குடில்களில் இந்நாயை வளர்த்தனர். அது முயல் பிடித்து அடுப்புக்கு உதவிற்று. இரவில் அடுப்பருகே பிள்ளைகளோடு உறங்கிற்று. ஓய்வு நாளில் 200 கஜத் தொலைவுள்ள ஓட்டப் பந்தயம் நடக்கும். ஒருவர் நாயைப் பிடித்து நிற்பார். அதன் உரிமையாளர் எல்லையில் நின்று கந்தைத் துணியொன்றை வீசி அழைப்பார். நாய் அத்துணியை நோக்கிப் பறந்து செல்லும். முயல் நின்ற இடத்திற் கந்தை வந்து நின்றது; நாயின் உவகையோ குறையவில்லை. பிற்காலத்தே, 1970களில், அமெரிக்காவில் கயிற்றிற் கட்டி இழுக்கப்படும் போலி இரையைத் துரத்தும் விளையாட்டு முறைப்படுத்தப்பட்டது. ஓருயிரையுங் கொல்லாமல் ஓட்டத்தைக் காக்க இயலும் என்பதற்கு இவை சான்றாகும்.

அப்பந்தயத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவொன்றிற் பிறழ்வு உள்ள விப்பெட்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் அப்பிறழ்வைப் பெற்ற நாய் மிக விரைந்து ஓடுகின்றது. இருவரிடமிருந்தும் பெற்றதோ தசை அளவிறந்து திரண்டு, தன் இனத்தின் வடிவத்தையே இழக்கின்றது. வெற்றி வேட்கை மிகின் நாயின் உடலே அதற்கு விலையாகும்.

இவையெல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள செய்திகளாயிற்றே, கொண்டச்சிக்கு என்ன தொடர்பு எனின், கூறுவேன். பரந்த மணல்வெளியும் உடைமரக் காடும் சூழ்ந்த மன்னார்க் கரையைக் கண்ட இளைஞர் எவர்க்கும் இங்கே ஓர் ஓட்டநாய் இருந்தால் எத்துணை அழகு என்னும் ஆசை எழுதல் இயல்பு. ஆனால் தெற்கே 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து இருக்கின்றது. அங்கே வேட்டைக்கு இடமில்லை. ஏவப்படாத நாயும் காட்டிற் புகுந்தால் வேட்டையே ஆடும். ஆதலின், ஆசைக்கு முன்னே பொறுப்பு வரல் வேண்டும்.

தொழில் ஓய்தல் எத்தகையது என்பதை இக்கரை நன்கறியும். கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு என்னும் இக்கடற்புறம் முத்துக்குளிப்பால் உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1905ஆம் ஆண்டின் குளிப்பு மிகப் பெரியவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாயின. சில்லாண்டுகளிற் சிப்பி அருகிப் பெருங்குளிப்புகளின் காலம் மறைந்தது. மூச்சடக்கிக் கடலடி சென்ற குளிகாரர் வேறு தொழில் தேடிச் சென்றனர். மனிதனுக்கு அவ்வுரிமை உண்டு. நாய்க்கு அஃதில்லை. அதன் தொழிலை அதன் எலும்பிலே எழுதிவைத்தவர் நாம். அவ்வெழுத்தை ஒரு சட்டத்தாலோ ஒரு சங்கிலியாலோ அழித்தல் இயலாது.

எனவே, இந்நாய்களை வளர்க்க விழைவோர் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். நாள்தோறும் விடியலிலும் வெயில் தாழ்ந்தபின்னும், வேலியிட்ட வெளியிற் சிறிதுநேரம் கட்டவிழ்த்து ஓடவிடுதல் முதற் கடமை. நண்பகல் மணலில் ஓட்டுதல் கொடுமை. உணவுண்ட உடனே ஓடவிடலாகாது. தலை குறுகியும் கழுத்து நீண்டும் இருத்தலால் சாதாரணக் கழுத்துப்பட்டி எளிதிற் கழன்றுவிடும். அகன்ற பட்டியே ஏற்றது. தோல் மெல்லியது, உடைமுள் கீறினாலும் ஆழ்ந்த புண்ணாகும். கொழுப்புக் குறைந்த மேனியாதலால் வெறுந்தரையிற் படுத்து முழங்கை காய்த்துப் போகும். சாக்கோ பழந்துணியோ விரித்தல் வேண்டும். விலா எலும்பு சற்றே தெரிதல் இவற்றுக்கு நலத்தின் அறிகுறி. அதுகண்டு இரங்கி மிகையாக ஊட்டலாகாது. அறுவை சிகிச்சை நேரின், சில மயக்க மருந்துகள் இவற்றின் உடலைவிட்டு மெல்லவே நீங்கும் என்பதைக் கால்நடை வைத்தியருக்கு நினைவூட்டுதல் நன்று. ஆட்டோடும் கோழியோடும் குருளைப் பருவத்திலேயே பழக்காத நாயை அவற்றிடையே விடுதல் அயலாரோடு வழக்கை வரவழைப்பதாகும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் இடப்படல் வேண்டும். காவலுக்கென விப்பெட்டை நாடுவோர் ஏமாறுவர். அது பெரும்பாலும் குரைப்பதில்லை, அயலாரையும் வாலாட்டியே வரவேற்கும்.

நாயை வீட்டினுள் வைத்தல் எல்லார் வழக்கத்துக்கும் ஒத்ததன்று. இப்பகுதியிற் பெரும்பான்மையினர் பின்பற்றும் இஸ்லாம், பயிற்சி பெற்ற வேட்டை விலங்கு பிடித்த இரையைக் குர்ஆனின் 5ஆம் அத்தியாயத்தில் ஏற்றுள்ளது. ஆயினும் நாயின் வாய்நீர் பட்ட பாத்திரத்தைத் தூய்மை செய்தற்கு விதிகளும் அம்மார்க்கத்தில் உண்டு. முற்றத்து நிழலிற் காற்றோட்டமான கொட்டில் ஒன்றும், தனிப் பாத்திரமும், நாளில் இருவேளை மனிதர் துணையும் கிடைப்பின் நாய் குறையின்றி வாழும். அதற்கு வேண்டியது மெத்தையன்று, ஓட்டமும் உறவுமே.

தம் நாய் முறையிடவில்லையே, கட்டிய இடத்திற் கிடந்து தம்மைக் கண்டு வாலைக் குழைக்கின்றதே என்பாரும் உளர். நாலடியார் நட்புக்கு நாயை உவமை கூறிய இடத்தை இவர்க்கு நினைவூட்டுவேன். எறிந்த வேல் உடலிற் பாய்ந்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு நாய் வாலைக் குழைக்கும் என்கின்றது அந்நூல். நாம் அதனை நாயின் நன்றிக்கு மேற்கோளாக மட்டுமே வகுப்பிற் பயிற்றுகின்றோம். வேல் எறிந்தவனைப் பற்றி எவரும் வினவுவதில்லை. நாய் வாலைக் குழைப்பது நாம் நல்லவர் என்பதற்குச் சான்றன்று. அஃது அதன் இயல்பு. அதன் துன்பத்தை அதன் வாலிடம் கேட்டறிதல் இயலாது. நம் மனச்சான்றிடமே கேட்டறிதல் வேண்டும்.

வெளியும் வேலியும் நேரமும் உடையோர் ஓட்டநாயை வளர்க்கட்டும். துணிப்பந்தை இழுத்து ஓட்டங் காட்டட்டும். தமிழ்நிலத்து இனங்கள் அழியாமற் காக்கட்டும். இவை இல்லாதோர் அதன் அழகைக் கண்டு மகிழ்ந்து அமைதலே அறம். தெருவிற் பிறந்து பசித்துத் திரியும் குருளை ஒன்றுக்கு அவர் தம் முற்றத்தில் இடம் அளிப்பாராயின், அதுவும் குறைந்த அறமாகாது.