பதின்மூன்று வயதில் இன்னும் பால் பல்லா?

மாணவர்களே, கண்ணாடி முன் நின்று மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நடுவிலிருந்து மூன்றாவது பல்தான் கோரைப்பல். கூராகவும் நீளமாகவும் இருந்தால் கவலையில்லை. சின்னதாக, தேய்ந்து இருந்தால் அது விழாத பால் பல்லாக இருக்கலாம். அப்படியென்றால் நிரந்தரப் பல் எங்கே?

மேல் கோரைப்பல் மூக்கின் ஓரத்து எலும்பில், உயரத்தில் உருவாகிறது. நெடுந்தூரம் இறங்கி 11, 12 வயதில் முளைக்கிறது. நூறு பேரில் ஏறக்குறைய இருவருக்கு அது வழி தவறி எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி என்றால் இருபது பேர்!

அது வலிப்பதில்லை, எனக்குப் பயம் தருவதே அதுதான். பால் பல் ஏன் ஆடுகிறது? கீழிருந்து புதுப்பல் வரும்போது, சில செல்கள் பால் பல்லின் வேரைக் கரைத்துவிடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடம் மாறிய கோரைப்பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை நெருங்கினால், அந்த நிரந்தர வேரும் இதேபோல் கரையக்கூடும். கரைந்த வேர் மீண்டும் வளராது. சுவீடனின் எரிக்சன், குரோல் இருவரும் இத்தகைய பிள்ளைகளை சிடி ஸ்கேனில் பார்த்து 2000ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்டனர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெட்டுப்பல் வேர் கரைந்திருந்தது.

தீபாவளித் துணிக்காக பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! பல் கிளினிக் படி ஏற மட்டும் வலி வரவேண்டும். இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து. பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு பார்த்துவிட்டதே என்பீர்கள். சின்னக் கண்ணாடி எலும்புக்குள் இருப்பதைக் காட்டாது, எக்ஸ்ரேதான் காட்டும்.

மலிவு விலைப் பற்கம்பியை நான் எதிர்ப்பதும் இதனால்தான். 2017இல் மலாக்காவில், பதிவு இல்லாமல் பல் சிகிச்சை செய்த ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. நண்பர்கள் பலர் இதை வெறும் விலைப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்காமல் வெட்டுப்பல்லை இழுத்தால், அதன் வேர் மறைந்திருக்கும் கோரைப்பல்லோடு போய் மோதலாம். கம்பி போடுபவருக்கு அது தெரியவே தெரியாது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் வேலை எளிது. அதே இருவரின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கினார்கள். தடம் மாறியிருந்த 46 கோரைப்பற்களில் 36 தாமாகவே சரியான வழிக்குத் திரும்பின. காலம் கடந்தால் ஈறைத் திறந்து, பல்லில் சிறு சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பத்து வயதுத் தம்பி, தங்கை இருக்கிறார்களா? பால் கோரைப்பல்லுக்கு மேலே, உதட்டுப் பக்கத்து ஈறை விரலால் தடவச் சொல்லுங்கள். இரு பக்கமும் புடைப்பு தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அடுத்த பள்ளி விடுமுறையிலேயே பல் மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.